கால் இல்லாமல் ஓடும் சொல்!



ஆங்கிலத்தில் மிக அதிகமான பொருள்களைத் தரும் சொல் எது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? வாயில் நுழையாத நீளமான சொல்லாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறதல்லவா? இல்லை. அதில் மூன்றே எழுத்துகள்தான். ஆர், யு, என். ஆமாம், 'ரன்'! ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது நீங்கள் தொண்டை வறளக் கத்துகிற அதே சொல்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி என்று ஒரு மிகப் பெரிய அகராதி இருக்கிறது. அதில் 'ரன்' என்ற சொல்லுக்குரிய பகுதியை மறுபடி ஆராய்ந்து எழுதினார்கள். 2011-ஆம் ஆண்டு அந்தக் கணக்கு வெளியே வந்தபோது உலகமே வியந்தது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள்! பெயர்ச்சொல்லாக வரும்போது தருகிற பொருள்கள் தனிக் கணக்கு. பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியர் இந்த ஒரே ஒரு சொல்லுக்காக ஏறக்குறைய ஒன்பது மாதம் உழைத்தார். அதற்கு முன்னால், 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில், 'செட்' என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது. அதற்கு 430 பொருள்கள்.

'645-ஐயும் எப்படி மனப்பாடம் செய்வது?' என்று பயந்துவிடாதீர்கள். ஒன்றைக்கூட மனப்பாடம் செய்ய வேண்டாம். அதற்கு ஓர் எளிய வழி உண்டு. அந்த வழியைக் காட்டியவர் ஆங்கிலேயர் அல்லர், நம்மவர்தான்! அவர் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மூக்கு ஓடுமா?

நான் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்தியபோது நடந்தது இது. கரும்பலகையில் 'மை நோஸ் இஸ் ரன்னிங்' என்று எழுதி, இதற்குத் தமிழில் என்ன பொருள் என்று கேட்டேன். முதல் பெஞ்சில் இருந்த ஒரு மாணவன் துள்ளி எழுந்து, "என் மூக்கு ஓடுகிறது!" என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. "டேய், ஓடிப் போய்ப் பிடிடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவன் முகம் சுருங்கிவிட்டது. அப்படியே உட்கார்ந்தான்.

நான் சிரித்தவர்களைப் பார்த்து, "சரி, சரியான விடை தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றேன். ஒரு கைகூட உயரவில்லை!

இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா? அந்த மாணவன் செய்ததில் பாதி சரி. 'ரன்' என்றால் ஓடு என்று அவன் ஒழுங்காகப் படித்திருந்தான். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் என்று நினைத்துவிட்டான். அவ்வளவுதான். 'என் மூக்கு ஒழுகுகிறது', அதாவது 'எனக்குச் சளி பிடித்திருக்கிறது' என்பதுதான் சரியான பொருள். ஆனால், சிரிப்புக்குப் பயந்து அந்த மாணவன் ஒரு வாரம் ஆங்கில வகுப்பில் வாயே திறக்கவில்லை. நம்மில் பலருக்கு ஆங்கிலம் வராமல் போவதற்கு மூளை காரணமில்லை, இந்தப் பயம்தான் காரணம். அந்தப் பயத்தை இன்று விரட்டிவிடுவோம், வாருங்கள்.

ஓடுவதும் ஒழுகுவதும் உடன்பிறப்புகள்

'ரன்' மிகப் பழைய சொல். பழைய ஆங்கிலத்தில் அதை 'ரின்னன்' என்றும் வேறு சில வடிவங்களிலும் சொன்னார்கள். ஆங்கிலத்துக்கு உறவுமொழியான ஜெர்மன் மொழியில் இன்றும் இரண்டு சொற்கள் உண்டு. 'ரென்னென்' என்றால் கால்களால் ஓடுவது. 'ரின்னென்' என்றால் நீர் ஒழுகுவது. ஓடுவது, ஒழுகுவது என்ற இரண்டு கருத்தும் அந்தப் பழைய சொல்லிலேயே இருந்தன. அதனால்தான் ஆங்கிலத்தில் ஆறு 'ரன்' ஆகிறது. குழாய் 'ரன்' ஆகிறது. மூக்கும் 'ரன்' ஆகிறது!

கொழகொழவென்று வழிகிற அரைவேக்காட்டு முட்டையை 'ரன்னி எக்' என்பார்கள். குளிக்கும் தொட்டியில் தண்ணீர் நிரப்புவதற்கு 'ரன் எ பாத்' என்று பெயர். புதுத் துணியைத் துவைக்கும்போது சாயம் கரைந்து மற்றத் துணிகளில் ஒட்டிக்கொள்கிறதே, அதற்கும் 'ரன்'தான்.

சொன்னேனே, வாயை மூடிக்கொண்ட அந்த மாணவன்? ஒரு வாரம் கழித்து, நான் கேட்காமலே அவன் கையைத் தூக்கினான். "டீச்சர், மூக்கு ஒழுகினால் ரன் என்றால், எங்கள் வீட்டில் துவைக்கும்போது சிவப்புத் துண்டில் சாயம் போகிறதே, அதற்கும் ரன் போடலாமா?" என்று கேட்டான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவனே கண்டுபிடித்துவிட்டான்! தண்ணீரைப் போல எது வழிந்து போனாலும் 'ரன்' வரும் என்று அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

இதைக் கவனியுங்கள். 645 பொருள்களும் தனித்தனியாக வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஒரு மரத்தின் கிளைகளைப் போல ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை. கிளையைப் பிடித்துக்கொண்டால் இலைகள் தானாகக் கைக்கு வரும்.

இயந்திரக் கிளை

கால் உள்ளவை ஓடின. தண்ணீர் ஓடியது. பிறகு இயந்திரங்களின் காலம் வந்தது. 1830-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்துக்கும் மான்செஸ்டர் நகரத்துக்கும் இடையே நீராவி ரயில் ஓடத் தொடங்கியது. ஆலைகளில் இரவும் பகலும் இயந்திரங்கள் சுழன்றன. இயந்திரங்கள் பெருகப் பெருக, 'ரன்' என்ற சொல்லுக்கும் வேலை பெருகியது. ரயில் 'ரன்' ஆகிறது. கடிகாரம் 'ரன்' ஆகிறது. மோட்டார் 'ரன்' ஆகிறது.

இப்போது உங்கள் பள்ளிக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராமை எழுதி, அதை வேலை செய்ய வைப்பதற்கும் 'ரன்' என்றுதான் சொல்கிறோம். புரோகிராமுக்குக் கால் உண்டா, சக்கரம்தான் உண்டா? ஒன்றும் இல்லை. ஆனாலும் அது ஓடுகிறது!

நாம் நடத்துகிறோம், அவர்கள் ஓட்டுகிறார்கள்!

அடுத்த கிளை இன்னும் வேடிக்கையானது. 'மை ஃபாதர் ரன்ஸ் எ ஷாப்' என்றால் என்ன? அப்பா கடையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார் என்றா பொருள்? அப்பா கடை நடத்துகிறார் என்று பொருள்.

இந்த 'நடத்து' என்ற தமிழ்ச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது எங்கிருந்து வந்தது? 'நட' என்பதிலிருந்து! ஓட வைப்பது ஓட்டுவது போல, நடக்க வைப்பது நடத்துவது. ஒரே கடையை ஆங்கிலேயர் ஓடச் செய்கிறார்கள், நாம் நடக்கச் செய்கிறோம். இரண்டு மொழிக்காரர்களுக்கும் கால்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. வேகம்தான் வேறு!

தேர்தலைப் பாருங்கள். அமெரிக்காவில் ஒருவர் அதிபர் தேர்தலில் போட்டியிட்டால் அவர் 'ரன்' செய்கிறார் என்பார்கள். பிரிட்டனில் நாடாளுமன்றத் தேர்தலில் போட்டியிடுபவரைப் பெரும்பாலும் 'ஸ்டாண்ட்' செய்கிறார் என்பார்கள். இரண்டு நாட்டிலும் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் ஒரு நாட்டில் வேட்பாளர் ஓடுகிறார், இன்னொரு நாட்டில் நிற்கிறார்! நாம் என்ன சொல்கிறோம்? 'அவர் தேர்தலில் நிற்கிறார்' என்கிறோம். இந்த விஷயத்தில் நாம் பிரிட்டன் பக்கம்.

நகராமல் ஓடுபவை

'த வால் ரன்ஸ் அலாங் த ரோடு' என்று ஒரு வாக்கியம். சுவர் சாலையோடு ஓடுகிறதாம்! சுவர் எங்கே ஓடும்? அது அங்கேயே இருக்கிறது. நம் கண்தான் சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிறது. இப்படி, நீண்டு கிடப்பதற்கும் 'ரன்' வரும்.

இடத்தில் நீள்வது போலக் காலத்தில் நீள்வதற்கும் 'ரன்' உண்டு. அகதா கிறிஸ்டி எழுதிய 'த மவுஸ்ட்ராப்' என்ற துப்பறியும் நாடகம் 1952-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் தேதி லண்டனில் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் இடைவிடாமல் நடந்த அந்த நாடகத்தை 2020-ஆம் ஆண்டு கொரோனா வந்துதான் நிறுத்தியது. 2021-இல் திரை மறுபடி உயர்ந்தது. உலகத்திலேயே மிக நீண்ட 'ரன்' கண்ட நாடகம் என்று அதைச் சொல்கிறார்கள்.

இந்த இடத்தில் தமிழும் ஆங்கிலமும் கைகோத்துக்கொள்கின்றன. 1944-இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' படம் சென்னையில் மூன்று தீபாவளிகளைத் தாண்டி ஓடியது என்று உங்கள் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். படத்துக்கும் நாம் 'ஓடியது' என்றுதானே சொல்கிறோம்?

ஒரு குடும்பத்தில் பாட்டிக்கு நல்ல குரல், அம்மாவுக்கு நல்ல குரல், பேத்திக்கும் நல்ல குரல் என்றால், 'இட் ரன்ஸ் இன் த ஃபேமிலி' என்பார்கள். தலைமுறை தலைமுறையாக அது தொடர்ந்து வருகிறது என்று பொருள்.

வால் மாறினால் பொருள் மாறும்

'ரன்' என்ற சொல்லுக்குப் பின்னால் வால் போல ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொள்ளும். உடனே பொருள் குட்டிக்கரணம் போட்டுவிடும்.

ரன் அவே: தப்பி ஓடுவது.

ரன் அவுட்: கிரிக்கெட்டில் என்னவென்று உங்களுக்கே தெரியும். ஆனால் 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்' என்று அம்மா சொன்னால், அம்பயர் யார் என்று தேடாதீர்கள். சர்க்கரை தீர்ந்துவிட்டது. கடைக்குப் போக வேண்டியது நீங்கள்தான்!

ரன் இன்ட்டு: கார் மரத்தின் மேல் 'ரன் இன்ட்டு' என்றால் மோதிவிட்டது. நண்பரை 'ரன் இன்ட்டு' என்றால், எதிர்பாராமல் சந்தித்தது.

ரன் ஓவர்: வண்டி ஒன்றின் மேல் ஏறிவிடுவது. பாத்திரம் நிரம்பி வழிவதற்கும், கூட்டம் குறித்த நேரத்தைத் தாண்டிப் போவதற்கும் இதுவே.

ரன் த்ரூ: தேர்வுக்கு முன்னால் பாடத்தை ஒருமுறை வேகமாகப் பார்த்துக்கொள்வது.

ரன் டவுன்: பேட்டரி தீர்ந்து கடிகாரம் நின்றுபோவது. ஒருவரை மட்டம் தட்டிப் பேசுவதும் இதுதான். பேட்டரி விஷயத்தில் தவிர்க்க முடியாது. மனிதர் விஷயத்தில் தவிர்க்க வேண்டும்!

ஓடாமலே நான்கு ரன்

இப்போது பெயர்ச்சொல்லுக்கு வருவோம். கிரிக்கெட்டில் இரண்டு விக்கெட்டுகளுக்கு இடையே 22 கஜம், அதாவது ஏறக்குறைய 20 மீட்டர் தூரம். மட்டையாளர்கள் இருவரும் முனை மாறி ஓடி முடித்தால் ஒரு ரன். ஓடியதால்தான் அந்தப் பெயர். ஆனால் பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் யாரும் ஓட வேண்டாம், நான்கு ரன்! பந்து வீசுபவர் 'வைடு' போட்டால் மட்டையாளர் நின்ற இடத்திலேயே நின்றாலும் ஒரு ரன்! ஓட்டத்தில் பிறந்த சொல், ஓட்டத்தையே விட்டுவிட்டுத் தனியாகப் போய்விட்டது, பார்த்தீர்களா?

பழைய காலத்தில், கணக்கு எழுதுபவர் ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு குச்சியில் கத்தியால் ஒரு வெட்டு வெட்டுவார். அதனால் அப்போது ரன்னை 'நாட்ச்' என்றும் சொன்னார்கள். நாட்ச் என்றால் வெட்டுத் தழும்பு. தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் பெரும்பாலும் 'ரன்' என்றே எழுதுகின்றன. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் 'ஓட்டங்கள்' என்று அழகாக எழுதுவார்கள்.

விமானம் மேலே எழும்புவதற்கு முன் ஓடுகிற பாதை ரன்வே. போட்டியில் இரண்டாம் இடம் பெற்றவர் ரன்னர்-அப். ஒரு வங்கி மூழ்கப் போகிறது என்று செய்தி பரவி, எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் பணத்தை எடுக்கக் குவிந்தால், அது 'பேங்க் ரன்'. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இப்படி மக்கள் குவிந்தார்கள். ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடப்பட்டன. சின்னச் சொல்தான். ஆனால் அது ஒரு நாட்டையே கலங்க வைத்திருக்கிறது!

இத்தனையையும் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அகராதி ஆசிரியர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து, யோசித்து யோசித்துப் பொருள் எழுதினார்கள் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை.

ஆக்ஸ்போர்டு அகராதியின் முதல் பெரிய ஆசிரியர் ஜேம்ஸ் முர்ரே. 14 வயதில் பள்ளிப் படிப்பை விட்டவர். தாமாகவே பல மொழிகளைக் கற்றுப் பள்ளி ஆசிரியர் ஆனவர். 1879-இல் அகராதிப் பொறுப்பை ஏற்றார். பத்து ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டார்கள். ஆனால் 1884-இல் வெளிவந்த முதல் பகுதி, 'ஏ' என்ற எழுத்தில் தொடங்கி 'ஆன்ட்' என்ற சொல் வரைதான் வந்திருந்தது. ஆன்ட் என்றால் எறும்பு. எறும்பு வேகம்தான்!

தம் வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகடுகளால் ஒரு கொட்டகை போட்டு, அதில்தான் முர்ரே வேலை செய்தார். புத்தகம் படிக்கும் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். 'படிக்கும்போது ஒரு சொல் வருகிற வாக்கியத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி, புத்தகத்தின் பெயர், ஆண்டு, பக்கம் குறிப்பிட்டு அனுப்புங்கள்' என்பதுதான் அது. லட்சக்கணக்கான சீட்டுகள் தபாலில் வந்து குவிந்தன. அவற்றை யார் அடுக்கியது தெரியுமா? முர்ரேயின் பிள்ளைகளும்தான். அவருக்குப் பதினோரு பிள்ளைகள். உங்கள் வயதில் இருந்த அவர்கள், கைச்செலவுக் காசுக்காகச் சீட்டுகளை அகர வரிசைப்படி அடுக்கிக் கொடுத்தார்கள்!

முர்ரே 1915-இல் காலமானார். அகராதி 1928-இல்தான் முடிந்தது. அதில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? அகராதிக்காரர்கள் பொருளை உண்டாக்கவில்லை. மக்கள் எழுதிய வாக்கியங்களைச் சேகரித்து, அந்த வாக்கியங்களிலிருந்து பொருளைக் கண்டுபிடித்தார்கள். பெரிய பெரிய அறிஞர்களே வாக்கியத்தைப் பார்த்துத்தான் பொருள் சொன்னார்கள் என்றால், நாம் மட்டும் ஏன் தனிச் சொல்லை மனப்பாடம் செய்ய வேண்டும்?

தமிழில் நீங்கள் கெட்டிக்காரர்கள்!

இந்த வித்தை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நம்பவில்லையா? இதைப் படியுங்கள்:

'ஆமைக்கு ஓடு உண்டு. ஆனால் வேகமாக ஓடத் தெரியாது. அதனோடு போட்டி போட்டுத்தான் முயல் தோற்றது.'

மூன்று இடத்தில் 'ஓடு' வருகிறது. முதலில் முதுகின் மேல் உள்ள கூடு. அடுத்து ஓடுகிற செயல். மூன்றாவது, 'உடன்' என்ற பொருள் தரும் வேற்றுமை உருபு. நீங்கள் எங்காவது திகைத்தீர்களா? அகராதியைப் புரட்டினீர்களா?

இன்னொன்று: 'ஓட்டு வீட்டில் இருக்கும் அண்ணன் ஆட்டோ ஓட்டிக்கொண்டு போய் ஓட்டுப் போட்டார்.' இதுவும் கண் இமைக்கும் நேரத்தில் புரிந்துவிட்டதே! இதில் கடைசியாக வரும் 'ஓட்டு', ஆங்கிலத்தின் 'வோட்' என்ற சொல்லிலிருந்து நம்மிடம் வந்தது.

ஒரு சின்ன வேறுபாட்டை மட்டும் நினைவில் வையுங்கள். 'ரன்' ஒரே மரத்தின் பல கிளைகள். ஆமை ஓடும் ஓடுகிற ஓடும் ஒரே மரம் அல்ல. பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற வேறு வேறு மரங்கள். பார்க்க ஒன்று போல இருக்கின்றன, அவ்வளவுதான்.

வழி காட்டியவர் இவர்தான்

நம்மவர் ஒருவர் வழி காட்டினார் என்றேனே, அவர் தொல்காப்பியர். தமிழில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கண நூலாகிய தொல்காப்பியத்தை எழுதியவர். பல பொருள் தரும் ஒரு சொல் வந்தால், அதன் பொருளை மூன்று வழிகளில் தெளியலாம் என்று அவர் சொல்கிறார். சேர்ந்து வரும் வினை, உடன் வரும் இனம், சார்ந்திருக்கும் சூழ்நிலை.

'மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மாமரம் என்றும் பொருள் உண்டு. குதிரை, விலங்கு என்றும் பொருள் உண்டு. 'மா பூத்தது' என்றால்? பூப்பது மரம்தான். வினை காட்டிக் கொடுத்துவிட்டது. 'மாவும் மருதும் ஓங்கி வளர்ந்தன' என்றால்? மருது ஒரு மரம், அதனால் கூட நிற்கும் மாவும் மரம்தான். இனம் காட்டிக் கொடுத்துவிட்டது. போருக்குக் கவசம் போட்டுக்கொண்டு நிற்கிற வீரன், 'மா கொண்டு வா' என்றால்? அந்த நேரத்தில் அவன் மாம்பழமா கேட்பான்? குதிரையைத்தான் கேட்கிறான்! சூழ்நிலை சொல்லிவிட்டது. இந்தக் கவச வீரன் கதை பழைய உரையாசிரியர் காட்டிய எடுத்துக்காட்டு.

இதே சாவியைக் கொண்டு ஆங்கிலப் பூட்டையும் திறக்கலாம். 'ரன்' தானே ஒரு வினை என்பதால் முதல் கேள்வியை மட்டும் சற்று மாற்றிக்கொள்வோம்.

1. ஓடுவது யார் அல்லது எது? ஆளா, தண்ணீரா, இயந்திரமா, சுவரா?

2. கூட வரும் சொல் எது? கடையா, தேர்தலா? வால் சொல் ஏதாவது ஒட்டியிருக்கிறதா?

3. எந்தச் சூழ்நிலை? விளையாட்டுத் திடலா, சமையலறையா, கம்ப்யூட்டர் அறையா?

இந்த மூன்று கேள்விகளுக்குப் பிறகும் புரியாவிட்டால் மட்டும் அகராதியைத் திறங்கள். அகராதியிலும் முதல் பொருளோடு நின்றுவிடாதீர்கள். எல்லாப் பொருளையும் பார்த்து, எது உங்கள் வாக்கியத்தில் பொருந்துகிறது என்று பாருங்கள். செருப்புக் கடையில் முதலில் எடுத்துக் காட்டிய ஜோடியையா வாங்கி வருகிறோம்? காலில் போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

செய்து பாருங்கள்!

கீழே உள்ள வாக்கியங்களில் 'ரன்' என்ன பொருளில் வந்திருக்கிறது? விடையைப் பார்க்காமல் முயலுங்கள்.

1. ஹி இஸ் ரன்னிங் எ ஃபீவர்.

2. த கேஸ் ஹேஸ் ரன் அவுட்.

3. ஷி ரன்ஸ் எ ஹோட்டல்.

4. த ஃபென்ஸ் ரன்ஸ் அரவுண்ட் த ஸ்கூல்.

5. ஐ ரேன் இன்ட்டு மை அங்கிள் அட் த மார்க்கெட்.

6. திஸ் பஸ் டஸ் நாட் ரன் ஆன் சண்டேஸ்.

விடைகள்: 1. அவனுக்குக் காய்ச்சல் அடிக்கிறது. 2. எரிவாயு தீர்ந்துவிட்டது. 3. அவர் ஹோட்டல் நடத்துகிறார். 4. பள்ளியைச் சுற்றி வேலி இருக்கிறது. 5. மார்க்கெட்டில் மாமாவைத் தற்செயலாகச் சந்தித்தேன். 6. இந்தப் பேருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடாது.

ஆறும் சரியா? பலே! நான்கு சரியா? அதுவும் நல்ல மதிப்பெண்தான். ஒன்றுதான் சரியா? கவலை வேண்டாம். மூன்று கேள்விகளையும் கேட்டு மறுபடி முயலுங்கள்.

இன்னொரு வேலையும் தருகிறேன். ஒரு நோட்டில் ஒரு பக்கத்தை 'ரன்' என்ற சொல்லுக்கு ஒதுக்குங்கள். பாடப் புத்தகத்திலோ, கடைப் பலகையிலோ, கிரிக்கெட் வர்ணனையிலோ புதிதாக ஒரு 'ரன்' கண்ணில் பட்டால், அந்த வாக்கியத்தை முழுதாக எழுதி, தேதி போட்டு வையுங்கள். முர்ரேக்கு மக்கள் அனுப்பிய சீட்டுகளைப் போல! அடுத்த பக்கத்தில் 'செட்', அதற்கடுத்து 'டேக்', 'கெட்' என்று தொடருங்கள். ஆண்டு முடிவதற்குள் உங்கள் கையால் எழுதிய ஒரு குட்டி அகராதி உங்களிடம் இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நாளை வகுப்பில் யாராவது எழுந்து, 'என் மூக்கு ஓடுகிறது' என்பது போல ஒரு விடை சொன்னால், சிரிக்காதீர்கள். 645 பொருள்களில் ஒன்றை அவர் தெரிந்து வைத்திருக்கிறார். இன்னொன்றை நீங்கள் சொல்லிக் கொடுங்கள். அவரிடம் இரண்டு ஆகிவிடும்!